தன்னைத் தாக்கும் உடம்பும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் வரலாறும்

இம்மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு, சுவடி, பழங்கோயில் என்று எதையாவது எழுதி அனுப்புவது என் வழக்கம். இம்முறை மரபணுவைப் பற்றி எழுதியிருப்பது அன்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவம் படித்தவன் அல்லன், தானிய வியாபாரி. ஆயினும் 'எச்.எல்.ஏ. பி-27 பாசிட்டிவ்' என்று அச்சிட்ட ஒரு தாள் இப்போது ஜாதகம் நுழைவது போல நம் வீடுகளுக்குள் நுழைகிறது. பையனுக்குத் தீராத இடுப்பு வலி என்று டாக்டரிடம் போனால் அந்தச் சோதனையை எழுதிக் கொடுக்கிறார். முடிவு வந்ததும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "இது யார் வழியா வந்துச்சு?" என்பதுதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கியவன், நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றில் போய் நின்றேன். அரச மரபுகளின் வரலாற்றுக்குச் சற்றும் குறையாத சுவை அதில் இருக்கிறது.

1900-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் அறிஞர் வெள்ளாடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் இரத்தத்தைச் செலுத்தினால், வந்த இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் அந்த ஆட்டில் உண்டாயிற்று. தன் சொந்த இரத்த அணுக்களை மட்டும் அது தொடவில்லை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்று கண்ட எர்லிக், அதற்கு இலத்தீனில் 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று பெயர் வைத்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற பெரியவர் அவர். அவர் சொன்னதை உலகம், அவர் சொன்னதை விடவும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உடம்பு தன்னைத் தானே தாக்குவதால் ஒரு நோய் வரும் என்று யாராவது சொன்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு காலம் எடுபடவே இல்லை.

1956-இல்தான் அது உடைந்தது. உடைத்தவர்களில் ஒருவர் எர்லிக்கின் சீடருக்குச் சீடரான எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி. அமெரிக்காவில் பஃபலோ நகரில் இவரும் நோயல் ரோஸ் என்ற இளைஞரும் முயலுக்கு அதன் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றையே செலுத்திப் பார்க்க, அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாகிச் சுரப்பி சிதைந்தது. அதே ஆண்டு இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ என்னும் தைராய்டு நோயுள்ள மனிதர்களின் இரத்தத்திலும் அத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டனர். தன்னுடல் தாக்கு நோய் என்று இன்று நாம் சொல்கிற வகைக்கு அப்போதுதான் மருத்துவ உலகில் இடம் கிடைத்தது. அப்புறம் எழுந்த கேள்விதான் நமக்கு முக்கியம். எல்லோருடைய உடம்பும் ஒரே மாதிரிதானே இயங்குகிறது, சிலருக்கு மட்டும் ஏன் இப்படி?

இதற்கு விடை, இதைத் தேடாதவர்களிடமிருந்து வந்தது. புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் ஒரு சுண்டெலியின் கட்டியை இன்னொரு சுண்டெலிக்கு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குலத்துச் சுண்டெலிகளில் அது ஒட்டியது. வேறு குலமானால் உதிர்ந்து போனது. இது இரத்தப் பிரிவு போல ஏதோ ஒரு பரம்பரைக் குறியால் நடக்கிறது என்று 1933-இல் ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். ஆம், 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். அவரிடம் மரபியல் பயின்ற பீட்டர் கோரர் 1936-இல் இலண்டனில் அந்தக் குறியைச் சுண்டெலியின் இரத்தத்தில் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜார்ஜ் ஸ்நெல் தனி வழியில் இதையே தேடிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து பார்த்தபோது இருவருடைய குறியும் ஒன்றே என்று தெரிந்தது. 1948-இல் அதற்கு எச்-2 என்று பெயராயிற்று.

இவ்விடத்தில் ஒரு சொல். சமணக் குடும்பத்தில் பிறந்தவன் இந்த வரலாற்றை எழுதும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. எத்தனை இலட்சம் சுண்டெலிகளின் உயிர் இதில் போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. அதற்காக அந்த அறிவு வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

மனிதனில் இதைக் கண்டவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே. போர்க்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் காயம்பட்ட வீரர்களுக்கு இரத்தம் ஏற்றும் பணியில் இருந்தவர். போருக்குப் பின் பாரிசில், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் சீரம் பிறருடைய வெள்ளையணுக்களைக் கட்டி கட்டியாக ஒட்டவைக்கிறது, அவர்களுடைய சொந்த அணுக்களை ஒட்டவைப்பதில்லை என்று பார்த்தார். 1958-இல் மனிதனுடைய முதல் வெள்ளையணுக் குறியை வெளியிட்டு, சோதனைக்கு உதவிய மூவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மாக்' என்று பெயரிட்டார். நல்ல மனசு!

அதே 1958-இல் ஹாலந்தின் லெய்டனில் யோன் வான் ரூட், கலிபோர்னியாவில் ரோஸ் பெய்ன் அம்மையார் ஆகியோர் இன்னொரு புதையலைக் கண்டார்கள். பல பிள்ளை பெற்ற தாய்மாரின் இரத்தத்தில் இதே எதிர்ப்பொருள் இருந்தது. காரணம் எளிது. கருவிலிருக்கும் குழந்தையில் பாதி தந்தையின் குறி. தாயின் உடம்புக்கு அது அயலாருடைய குறி. அதை அவள் உடம்பு அறிந்துகொண்டு எதிர்ப்பொருள் செய்துவைத்திருந்தும் குழந்தையைப் பத்து மாதம் சுமந்து பெற்றுத் தருகிறது. அந்தத் தாய்மார் கொடுத்த சீரம்தான் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் இந்தக் குறிகளை இனம் காணும் உரைகல்லாக இருந்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள்! எந்த நோபல் பட்டியலிலும் அவர்கள் இல்லை. (1980-ஆம் ஆண்டுப் பரிசு ஸ்நெல், தோசே, பெனாசெராஃப் மூவருக்கும் போயிற்று. கோரர் 1961-லேயே காலமாகிவிட்டார்.)

1964 முதல் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் சீரங்களை எடுத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடி ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்த குறிகள் ஒரே பெயரின்கீழ் வந்தன: ஹியூமன் லூக்கோசைட் ஆன்டிஜென், சுருக்கமாக எச்.எல்.ஏ. ஆறாவது குரோமோசோமின் குறுங்கையில் நெருக்கமாக அமைந்த மரபணுக் கூட்டம் இது. தந்தையிடமிருந்து ஒரு வரிசை, தாயிடமிருந்து ஒரு வரிசை என இரண்டு வரிசை நமக்கு வாய்க்கிறது. மனித மரபணுக்களில் இவ்வளவு வேறுபாடு கொண்டது வேறில்லை. இதுவரை பெயரிடப்பட்ட வடிவங்கள் 40,000-ஐத் தாண்டிவிட்டன. சிறுநீரகம் மாற்றும்போது உடன்பிறந்தார் பொருந்துவதும் அயலார் பொருந்தாததும் இதனால்தான்.

இனி 1973. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரையிலிருந்தும் ஒரே செய்தி வந்தது. இலண்டனில் டெரிக் ப்ரூவர்டன் குழுவினர், முதுகெலும்பு மூங்கில் போல இறுகிப்போகும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகள் 75 பேரைச் சோதித்தனர். 72 பேரிடம் பி-27 குறி இருந்தது. நோயில்லாத 75 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பால் தெரசாகி உள்ளிட்ட குழுவுக்கும் ஏறக்குறைய இதே விடை: 40 நோயாளிகளில் 35 பேர். இந்தத் தெரசாகி, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சத்தார் என்பதற்காக அமெரிக்க அரசு குடும்பத்தோடு அரிசோனாப் பாலைவன முகாமில் அடைத்த சிறுவர்களில் ஒருவர். ஒரு துளியினும் சிறிய சீரத்தைக் கொண்டே எச்.எல்.ஏ. சோதனை செய்யும் முறையை 1964-இல் வகுத்தவர் இவரே. ஒரு பரம்பரைக் குறிக்கும் ஒரு நோய்க்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பை மருத்துவ உலகம் அதுவரை கண்டதில்லை. பிறகு வரிசையாக வந்தன: முடக்குவாதத்துக்கு டி.ஆர்-4, சிறு வயதில் வரும் சர்க்கரை நோய்க்கு டி.ஆர்-3, டி.ஆர்-4, இன்னும் பல.

அப்படியானால் இந்தக் குறிகள் உடம்பில் என்னதான் செய்கின்றன? இது 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் சிங்கர்நாகல், டோஹர்ட்டி இருவர் செய்த ஆய்வில் பிடிபட்டு, 1987-இல் பமீலா யோர்க்மன் முதலியோர் ஹார்வர்டில் அதன் வடிவத்தைக் கண்டபோது தெளிவாயிற்று. என் தொழிலை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியைச் செருகி இழுத்தால் அதன் பள்ளத்தில் ஒரு பிடி தானியம் வரும். அதை உள்ளங்கையில் போட்டுத் தரகர் பார்ப்பார். அதை வைத்துத்தான் மூட்டையின் யோக்கியதை தெரியும். எச்.எல்.ஏ. அந்தக் குத்தூசி. உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துணுக்கைத் தன் பள்ளத்தில் ஏந்தி வெளியே நீட்டுகிறது. டி-செல் என்னும் வெள்ளையணு வந்து பார்க்கிறது. சொந்தச் சரக்கு என்றால் போய்விடும். கிருமியின் சரக்கு என்றால் அந்த உயிரணுவையே அழிக்கும்.

குத்தூசியின் பள்ளம் ஆளுக்கு ஆள் வேறு. எந்தத் துணுக்கு அதில் உட்காரும், எது நழுவும் என்பது பள்ளத்தின் வடிவைப் பொறுத்தது. டி-செல்களுக்கும் பழக்கம் உண்டு. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் சொந்தச் சரக்கைப் பார்த்துப் பாய்கிற டி-செல்கள் பெரும்பாலும் அங்கேயே களையப்படுகின்றன. ஆனால் ஒரு சொந்தத் துணுக்கு பள்ளத்தில் சரியாக உட்காராமல் நழுவினால், அதைப் பார்த்துப் பாயக்கூடிய டி-செல் களையெடுப்புக்குத் தப்பிவிடலாம். கிருமியின் துணுக்கும் சொந்தத் துணுக்கும் ஒரு பள்ளத்தில் ஒன்று போலவே தோன்றவும் கூடும். 1987-இல் ஜான் டாட், ஹ்யூ மெக்டெவிட் முதலியோர், டி.க்யூ. என்ற குறியில் 57-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறுவதே சிறு வயதுச் சர்க்கரை நோய்க்கான சாய்வைப் பெரிதும் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்று காட்டினார்கள். சாய்வு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். விதி என்று எழுதவில்லை.

எங்கள் நூல்களில் உடம்பின் அமைப்பைத் தரும் வினைக்கு நாமகருமம் என்று பெயர். அதையும் மரபணுவையும் முடிச்சுப் போட்டு, எல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று எழுதுவது இப்போது மலர்களில் நடக்கிற வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் சொன்னது உயிரின் விடுதலைக்காக. இவர்கள் தேடியது நோயின் காரணத்துக்காக.

சாய்வு என்பதற்கு நல்ல சான்று ஒரு கப்பலில் நடந்தது. 1962-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் உணவின் மூலம் சீதபேதி பரவி 602 பேர் படுத்தார்கள். அவர்களில் 9 பேருக்கு மட்டும் சில நாளில் மூட்டு வீக்கமும் கண் சிவப்பும் வந்தன. அப்போது காரணம் தெரியவில்லை. 1973-க்குப் பிறகு அவர்களைத் தேடிப் போனார்கள். ஐவரைப் பிடிக்க முடிந்தது. அந்த ஐவரில் நால்வரிடம் பி-27 இருந்தது. ஒரே உணவு, ஒரே கிருமி. மரபணு மட்டும் இருந்து கிருமி வராமலிருந்தால் அவர்கள் மூட்டு நோவு இல்லாமலே ஓய்வு பெற்றிருக்கலாம். 1990-இல் மனிதனுடைய பி-27 மரபணுவை எலிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். குடலிலும் மூட்டிலும் நோய் வந்தது. 1994-இல் அதே எலிகளைக் கிருமியே அண்டாத கூண்டில் வளர்த்தார்கள். அந்த நோய் வரவில்லை.

ஐரோப்பியரில் நூற்றுக்கு எட்டுப் பேர் போலப் பி-27 உடையவர்கள். அவர்களில் ஸ்பாண்டிலைட்டிஸ் வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரைதான். பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ ஒருவருக்கு நோய் இருந்தால் இது கூடுகிறது. அப்போதும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். இந்தியாவில் இக்குறி ஐரோப்பாவை விடக் குறைவு.

இந்தக் கணக்கு தெரியாமல் என்ன நடக்கிறது என்று ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊர் பேர் வேண்டாம். பையனுக்கு 27 வயது, நல்ல வேலை. காலையில் எழுந்தால் இடுப்பு ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்கும், நடமாடினால் சரியாகும். சோதனையில் பி-27 வந்தது. விஷயம் எப்படியோ சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றது. அத்தோடு விடவில்லை. பையனின் அத்தைமார் வந்து அவன் அம்மாவிடம், "உங்க பிறந்த வீட்டுச் சீர்தானே இது, உங்க அப்பாவும் கூன் போட்டுத்தானே நடந்தார்" என்றார்களாம். அந்த அம்மாள் ஒரு வருஷம் விசேஷங்களுக்கே வரவில்லை. பிறகு டாக்டர் யோசனைப்படி பெற்றோர் இருவரும் சோதித்துக்கொண்டார்கள். அம்மாளிடம் அந்தக் குறி இல்லை. இருந்தது அப்பாவிடம். அறுபத்தைந்து வயதிலும் தினம் ஐந்து மைல் நடக்கிற, ஒரு நாளும் இடுப்பைப் பிடித்து உட்காராத மனிதர்! குறி இருந்தும் ஆயுள் முழுதும் நோயில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அவரே சான்று. பையனுக்கு இப்போது ஊசி மருந்தும் உடற்பயிற்சியுமாக நன்றாக இருக்கிறது. நின்ற கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அத்தைமார் சொன்னதைத் திரும்பப் பெற்றதாகவும் தெரியவில்லை.

இவ்வளவு தீங்கு செய்கிற குறி ஏன் மனித குலத்தில் அழியாமல் நிற்கிறது? இங்கேயும் ஹால்டேன் வருகிறார். தொற்று நோய்களே உயிர்களின் பரம்பரையைச் சலித்தெடுக்கும் பெரிய சல்லடை என்று 1949-லேயே எழுதினார். ஒரே குறி எல்லோருக்கும் இருந்தால், அதன் பள்ளத்தில் உட்காராத ஒரு கிருமி ஊரையே காலி செய்துவிடும். வகை பல இருந்தால் சிலராவது மிஞ்சுவார்கள். பின்னாளில் இது மெய்யாகவே தெரிந்தது: எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பி-27 உடையவர்களுக்கு நோய் மிக மெதுவாகவே முற்றுகிறது. முதுகுக்குப் பகையான குறி அங்கே காவலாக நிற்கிறது. ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் பார்த்து நல்லது கெட்டது என்று முடிக்காதே என்று சொல்லும் அநேகாந்த வாதத்தை என் தந்தையார் எத்தனையோ உவமை சொல்லி விளக்குவார். இந்த உவமை அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்திருக்கிறது. தில்லி எய்ம்ஸில் நரேந்திர மெஹ்ரா, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் ஆகியோர் இந்திய மக்களின் எச்.எல்.ஏ. குறிகளையும், காச நோய் போன்றவற்றுக்கும் அவற்றுக்குமுள்ள தொடர்பையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆனால் வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமானது 2016-இல் வெளியான ஓர் ஆய்வு என்பேன். அது சீலியாக் நோயைப் பற்றியது.

சீலியாக் என்பது கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு குடலையே உடம்பு தாக்கிச் சிதைக்கும் நோய். ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைமேல் முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் தேறுவதைக் கண்டு அது உறுதிப்பட்டது. 1950-இல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவினார். ஊரே பட்டினி கிடந்தபோது சில குழந்தைகள் மட்டும் உடம்பு தேறினார்கள் என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது. இந்நோய்க்குரிய குறிகள் டி.க்யூ-2, டி.க்யூ-8. இவை இரண்டும் இல்லாதவர்க்கு இந்நோய் வருவது மிக மிக அரிது.

2016 ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றிடத்திலுமாக 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். அந்தக் குறிகள் வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம், தெற்கே 36 பேரிடம். ஆக, பஞ்சாபியும் தமிழரும் இதில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இரத்தத்தில் நோயின் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23, தெற்கே 0.10, பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! கோதுமைதான் காரணம் என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் நாள் ஒன்றுக்கு ஆள் ஒருவர் உண்ணும் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம் என்று அதே ஆய்வு சொல்லும்போது, தானியம் விற்பவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நாம் என்ன செய்தோம்? டி.க்யூ-2-ஐயும் டி.க்யூ-8-ஐயும் இரத்தத்தில் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தோம். முதல் தலைமுறை ரேஷனில் புழுங்கலரிசிக்கு அலைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட டப்பாவில் பராத்தா கொண்டு போனார்கள். பேரப்பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ். தப்பு என்று சொல்லவில்லை. குறி இருப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்குக் கோதுமையால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை, இரும்புச் சத்து மருந்து எவ்வளவு கொடுத்தும் இரத்த சோகை தீரவில்லை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு மட்டும் உப்பல் என்றால், நம் பக்கத்தில் கேள்விப்படாத நோய் என்பதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஊரிலிருக்கும் நம் பாட்டிமாருக்கு இது தெரியாது. அவர்கள் காலத்தில் அதற்கு வேலை இல்லை. டி.டி.ஜி. என்ற இரத்தச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒன்றே ஒன்று: சோதனைக்கு முன்னால் நாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சில வாரங்களில் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும். நோய் இருந்தும் சோதனைத் தாளில் அது தெரியாமல் போய்விடலாம்.